சாதகமாய் நின்ற இரக்கம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த அம்மையாரை என் மாணவப் பருவத்திலிருந்து அறிவேன். காலையில் வீணைப் பாடம் நடத்துவார்கள். வியாழக்கிழமை தோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த தொழுநோயாளர் இல்லத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். புறப்படுமுன் ஒரு பாட்டுப் பாடுவார்கள். ஒரு வியாழன் நானும் உடன் போனேன். விரல்கள் மழுங்கிப்போன ஒரு பெரியவர் என் கையைத் தம் இரு கைகளுக்கிடையே வைத்துக்கொண்டு, "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அழுதேன். அடுத்த வியாழன் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் போகவில்லை. அம்மையார் போனார்கள். அங்கே அவர்கள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

என் கண்ணீருக்கும் அவர்களுடைய வியாழக்கிழமைக்கும் இடையே இருந்த தூரம் எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. புரிய வைத்தது ஒரு புத்தகம்; அதைக் கொடுத்ததும் அவர்கள்தான். ஆல்பர்ட் சுவைட்சர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல் அது. அம்மையாரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த அரங்கின் முதல் வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே அவர்கள் போற்றிய அந்த மனிதரைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். குடும்பத்தார் மனமுவந்து ஒப்பினார்கள்.

சுவைட்சரைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் புகழ்பெற்ற இசைக்கலைஞர், தத்துவ அறிஞர். முப்பது வயதில் அத்தனையையும் துறந்துவிட்டு ஆப்பிரிக்கக் காட்டுக்கு மருத்துவம் செய்யப் போனார் என்பது. துறவுக் கதைகள் நமக்கு எப்போதுமே பிடிக்கும். ஆனால் அது பாதிதான் உண்மை. அவர் இசையைத் துறக்கவில்லை. இசை அவருக்கு இளைப்பாறும் திண்ணையாகவும் இருக்கவில்லை. பாடகர்கள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து செய்கிறார்களே, மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதற்குச் சாதகம் என்று பெயர். சுவைட்சரிடம் இரக்கம் சாதகமாக இருந்தது. அந்தச் சாதகத்தை அவர் இசையில்தான் கற்றார். இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து இது ஒன்றே.

1. முதலில் அவருடைய செவி. சுவைட்சர் 1875 ஜனவரி 14 அன்று அல்சாஸ் பகுதியில் உள்ள கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அன்று அது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. இன்று பிரான்சில் இருக்கிறது. தந்தை பாதிரியார். அந்த ஆண்டே குடும்பம் கூன்ஸ்பாக் என்ற கிராமத்துக்குப் போய்விட்டது. தாய்வழிப் பாட்டனார் ஆர்கன் இசைப் பித்தர். எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள தேவாலயத்தின் ஆர்கனைப் பார்க்காமல் திரும்பாதவர். பேரன் எட்டு வயதில், கால் மிதிகட்டைகளுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கையிலேயே, ஆர்கனில் உட்கார்ந்தான். ஒன்பது வயதில் ஊர்த் தேவாலய வழிபாட்டில் வாசிப்பவருக்குப் பதிலாக வாசித்தான்.

பள்ளியில் பெரிய பையன்கள் இரண்டு குரல்களாகப் பிரிந்து இணைந்து பாடுவதை முதன்முறை கேட்டபோது, விழுந்துவிடாமல் இருக்கச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று தம் இளமை நினைவுகளில் எழுதுகிறார். அதே நூலில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இரவு வழிபாட்டில் மனிதர்களுக்காக மட்டும் ஏன் வேண்டிக்கொள்கிறோம் என்று அவனுக்கு விளங்கவில்லையாம். அம்மா முத்தமிட்டு விளக்கணைத்துப் போனபின், உயிருள்ள எல்லாவற்றுக்குமாகத் தானே அமைத்துக்கொண்ட ஒரு வேண்டுதலைச் சத்தமில்லாமல் சொல்லிவிட்டுத் தூங்குவானாம்.

இந்த இரண்டும் ஒரு காலையில் சந்தித்தன. ஏழெட்டு வயது இருக்கும். அவனும் நண்பன் ஒருவனும் கவண் செய்துகொண்டார்கள்; குருவி அடிக்கலாம் வா என்று நண்பன் குன்றுப் பக்கம் அழைத்துப் போனான். மறுத்தால் கேலி செய்வான் என்ற பயம். இலையில்லாத மரத்தில் பறவைகள் அஞ்சாமல் பாடிக்கொண்டிருந்தன. கல்லை வைத்து இழுக்கும் நேரத்தில் தேவாலய மணி ஒலித்தது. சிறுவன் கவணை எறிந்துவிட்டுக் கூச்சலிட்டுப் பறவைகளை விரட்டினான்; வீட்டுக்கு ஓடினான். அந்த மணியோசை பிறகு எப்போது கேட்டாலும் அந்த நாள் நினைவுக்கு வந்ததாக எழுதுகிறார். பிறர் சிரிப்பார்களே என்ற பயம் அன்றே விடத் தொடங்கியதாம். இந்த நிகழ்ச்சியில் அவனைத் தடுத்தது அறிவுரை அன்று, ஓசை. செவி வழியாகத்தான் அவனுக்கு அருள் வந்தது.

ஆனாலும் என் கருத்துக்கு இது போதாது. மென்மையான மனம் பல குழந்தைகளுக்கு இருக்கிறது. வளர வளர அது எங்கே போகிறது என்பதல்லவா கேள்வி?

2. சுவைட்சர் முதலில் சாதகம் செய்யாத மாணவர். இதை நம் மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். முல்ஹவுஸ் நகரில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அவருக்கு வாய்த்த இசையாசிரியர் யூஜின் மூன்ஷ். பையனுக்குத் திறமை இருக்கிறது. வீட்டில் மனம் போனபடி இசையமைத்து வாசித்துக்கொண்டிருப்பான். கொடுத்த பாடத்தைப் பழகமாட்டான். பாட நேரத்தில் உயிரில்லாமல் வாசிப்பான். தன் உணர்ச்சியை ஆசிரியர் முன்னால் காட்ட அவனுக்குக் கூச்சமாகவும் இருந்தது. இவன் எனக்கு ஒரு சோதனை என்று ஆசிரியர் அலுத்துக்கொண்டாராம். ஒருநாள் மெண்டல்சன் எழுதிய ஒரு சிறு உருப்படியைக் கொடுத்து, உணர்ச்சியே இல்லாதவனிடம் இதைக் கொடுத்து என்ன பயன் என்ற பொருள்பட ஏதோ சொன்னார். அது தைத்தது. அந்த வாரம் முழுவதும் பையன் அதைப் பழகினான். ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரல் என்று முயன்று பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டான். அடுத்த பாடத்தில் வாசித்து முடித்ததும் ஆசிரியர் பேசவில்லை. தோளை அழுத்திவிட்டு, தாமே உட்கார்ந்து அவனுக்காக ஒன்று வாசித்தார்.

உணர்ச்சி அவனிடம் முன்பும் இருந்ததே! ஆனால் விரல் எண் குறிக்கப்படாத வரை அது வெளியே வரவில்லை. கேட்பவரை அடையவில்லை. தொழுநோயாளர் இல்லத்திலிருந்து திரும்பி இரவெல்லாம் அழுத மாணவனாகிய என்னிடமும் உணர்ச்சி இருந்தது. அந்தப் பெரியவருக்கு அதனால் கிடைத்தது என்ன? அம்மையார் துணிப்பையில் பஞ்சும் கட்டுத்துணியும் கொண்டுபோனார்கள். அதுதான் விரல் எண்.

3. பதினெட்டாவது வயதில், 1893இல், பாரிசில் ஷார்ல்-மரி விடோர் என்ற பெரும் ஆர்கன் கலைஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் மாணவர் ஆசிரியருக்கே ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். யோஹான் செபாஸ்டியன் பாக் இயற்றிய சில ஆர்கன் உருப்படிகள் விடோருக்குப் புதிராக இருந்தன. இசை திடீரென்று ஏன் இப்படித் திரும்புகிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த மெட்டுகளின் அடியில் ஜெர்மன் வழிபாட்டுப் பாடல்கள் இருக்கின்றன. சொற்களை அறிந்தால் திருப்பங்கள் விளங்கும் என்று சுவைட்சர் எடுத்துக்காட்டினார். பாடல்களை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொன்னார். சாகித்தியம் தெரியாமல் கீர்த்தனத்தைப் பாடுபவர்களை நாமும் கேட்டிருக்கிறோம். அந்த இடர்ப்பாடுதான் இதுவும். இதை எழுது என்று விடோர் தூண்ட, ஒரு கட்டுரையாகத் தொடங்கியது பெருநூலாக விரிந்தது. பிரெஞ்சில் 1905இல் வந்தது. ஜெர்மன் பதிப்பை மொழிபெயர்ப்பாகச் செய்ய மனமில்லாமல் புதிதாகவே எழுதினார். 1908இல் வெளிவந்த அது 800 பக்கங்களுக்கு மேல்.

ஓசைக்கு அடியில் இருக்கும் சொல்லைத் தேடும் இந்தப் பழக்கத்தை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை. சிறுவயதில் கோல்மார் நகரச் சிலை ஒன்றின் அடியில் செதுக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர் உருவத்தின் சோகமான முகத்தை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஊரார் அண்ணாந்து பார்த்தது மேலே நின்ற கடற்படைத் தலைவரை. கீழே இருப்பவனின் முகம் என்ன சொல்கிறது என்று கேட்டவர் அவர்.

4. முப்பதாவது வயது முடிவைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அது ஒரு நொடியில் எடுத்த முடிவு அன்று. 1896இல், இருபத்தொரு வயதில், பெந்தெகொஸ்தே விடுமுறைக் காலையொன்றில் கூன்ஸ்பாக்கில் படுத்திருந்தபடியே கணக்குப் போட்டார். எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை இலவசமாக வைத்துக்கொள்ளக் கூடாது. முப்பது வயதுவரை கல்விக்கும் கலைக்கும், அதற்குமேல் மனிதருக்கு நேரடித் தொண்டு. என்ன தொண்டு என்று அப்போது தெரியாது. கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்க்க முயன்றார். நிறுவனங்கள் இடம் கொடுக்கவில்லை. வீடற்று அலைபவர்களுக்கும் சிறையிலிருந்து வெளிவந்தவர்களுக்கும் உதவிப் பார்த்தார். 1904இல் பாரிஸ் மறைப்பணிச் சங்கத்தின் இதழ் ஒன்று மேசைமேல் கிடந்தது. பிரெஞ்சுக் காங்கோவின் வடபகுதியில், அதாவது இன்றைய கபோனில், ஆள் இல்லை என்ற கட்டுரை அதில் இருந்தது. படித்துவிட்டு அன்றைய வேலையைத் தொடர்ந்தார். தேடல் மட்டும் முடிந்துவிட்டது.

1905 அக்டோபர் 13 அன்று பாரிசில் தபால்பெட்டியில் சில கடிதங்களைப் போட்டார். மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று பெற்றோருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் எழுதிய கடிதங்கள் அவை. எல்லோரும் எதிர்த்தார்கள். விடோர் மிகவும் வருந்தினார். ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசியே வாழ்ந்துவிட்டேன், இனிப் பேசாமல் செய்ய ஒரு வேலை வேண்டும் என்பது சுவைட்சர் சொன்ன காரணம். மறைப்பணிச் சங்கத்துக்கோ அவருடைய இறையியல் கருத்துகளில் ஐயம். அங்கே போய்ப் பிரசங்கம் செய்யமாட்டேன், மீனைப்போல வாய் திறக்காமல் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே இடம் கிடைத்தது.

அந்த ஆண்டுகளில் அவர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், தேவாலயத்தில் உரையாற்றினார், பாக் நூலின் ஜெர்மன் வடிவத்தை எழுதினார், பாரிசில் பாக் சங்கத்தின் கச்சேரிகளுக்கு ஆர்கன் வாசித்தார். இவற்றுக்கிடையே உடற்கூறும் உடலியங்கியலும் பயின்றார். மருத்துவத் தேர்வுக்குக் கட்டணம் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1911இல் மியூனிக் நகரில் நடந்த பிரெஞ்சு இசைவிழாவில் விடோரின் படைப்புக்கு ஆர்கன் வாசித்துப் பெற்ற சம்பளம் அது.

5. இங்கே ஒருவரைப் பற்றி நின்று பேச வேண்டும். சுவைட்சரைப் புகழும் மேடைகளில் அவர் பெயர் ஒரு வரியோடு போய்விடுகிறது. அவருடைய மனைவி ஹெலன் பிரெஸ்லாவ். 1879இல் பெர்லினில் பிறந்தவர்; வரலாற்றறிஞரின் மகள்; யூதக் குடும்பம். ஆசிரியப் பயிற்சி பெற்றவர். ஸ்ட்ராஸ்பூர் இசைக்கல்லூரியில் இசை பயின்றவர். 1905ஆம் ஆண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் அந்த நகராட்சியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான ஆய்வாளராகப் பணியாற்றினார். பெண்கள் அரசுப் பணியில் அரிதாக இருந்த காலம். மணமாகாத தாய்மார்களுக்கும் அவர்களுடைய குழந்தைகளுக்கும் ஒரு இல்லம் அமையப் பாடுபட்டார். சமூகத் தொண்டர் என்று நாம் இன்று யாரைச் சொல்கிறோமோ அந்தப் பொருளில், கணவர் மருத்துவம் படித்து முடிக்கும் முன்பே அவர் தொண்டராகிவிட்டார். பாக் நூலின் அச்சுப்படிகளைத் திருத்தியதும் அவர்தான். பிறகு செவிலியர் பயிற்சி பெற்றார். 1912 ஜூனில் திருமணம்.

கபோனில் அவர்கள் பணிசெய்த லாம்பரேனே என்னும் ஊரில் அறுவைச் சிகிச்சை நடக்கும்போது மயக்கமருந்து கொடுத்தவர் ஹெலன். கருவிகளைக் கொதிக்கவைத்து ஆயத்தம் செய்தவரும் அவரே. காசநோய் அவரைப் பிடித்தது. 1924இல் கணவர் இரண்டாம் முறை புறப்பட்டபோது உடன் போக முடியவில்லை. மகளை வளர்த்துக்கொண்டு ஐரோப்பாவில் இருந்தார். 1930களின் இறுதியில் அமெரிக்கா சென்று மருத்துவமனைக்காகப் பேசி ஆதரவு திரட்டினார். ஹிட்லரின் படைகள் பிரான்சைப் பிடித்தபின், போர்ச்சுகல், அங்கோலா என்று சுற்றி 1941இல் லாம்பரேனே வந்து சேர்ந்தார். மனைவி நோயுற்றிருந்த ஆண்டுகளில் கணவர் கடல் கடந்து இருந்ததற்கு என்ன நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தொண்டின் விலையில் பெரும்பகுதியைச் செலுத்தியவர் ஹெலன் என்று மட்டும் சொல்வேன். அவர் 1957இல் காலமானார். அவருடைய அஸ்தி லாம்பரேனேயில் இருக்கிறது.

6. இனிக் காட்டுக்குள் போன பியானோவுக்கு வருகிறேன். 1913 மார்ச் 26 அன்று தம்பதியர் கப்பலேறினார்கள். உடன் சென்றவை எழுபது பெட்டிகள். பாரிஸ் பாக் சங்கத்தார் ஒரு பரிசு கொடுத்திருந்தார்கள். வெப்பமண்டல ஈரத்தையும் கறையானையும் தாங்கத் துத்தநாகத் தகடு பொதிந்து, ஆர்கனில் உள்ளதுபோல் காலால் வாசிக்கும் கட்டைகளும் சேர்த்துச் செய்த பியானோ. ஓகோவே ஆற்றங்கரைக்கு அது வந்து சேர்ந்தபோது, மூன்று டன் சுமக்கக்கூடிய, மரத்தைக் குடைந்து செய்த ஓடம் ஒன்றை வணிக நிறுவனத்தார் இரவல் கொடுத்தார்கள்.

மருத்துவமனை என்று எதுவும் அங்கே இல்லை. ஒரு பழைய கோழிக்கூண்டை வெள்ளையடித்து அதையே சிகிச்சை அறையாக்கினார். முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2000 நோயாளிகள். மலேரியா, தூக்கநோய், தொழுநோய், சீதபேதி, ஆறாத புண்கள், உயிரை வாங்கும் குடலிறக்கம். மொழிபெயர்க்கவும் உதவவும் இருந்தவர் ஜோசப் என்ற ஆப்பிரிக்கர், சமையற்காரராக இருந்தவர். அவர் இல்லாவிட்டால் அந்த முதல் ஆண்டு நடந்திருக்காது.

இந்த நிலையில் ஆர்கன் கலைஞருக்கு அங்கே என்ன வேலை? அவரும் அப்படித்தான் எண்ணினார். விரலும் காலும் துருப்பிடிக்கட்டும், இசைக்கு விடை கொடுத்துவிடுவோம் என்று இருந்தார். ஒரு மாலை துயரத்தோடு பாக்கின் ஓர் உருப்படியை வாசித்துக்கொண்டிருந்தபோது நினைப்பு மாறியது. இங்கே கச்சேரி இல்லை, அவசரம் இல்லை. ஒவ்வொரு படைப்பையும் மனப்பாடம் ஆகும்வரை அணு அணுவாகப் பழகலாமே! ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான் கிடைத்தாலும் போதும். பாக், மெண்டல்சன், விடோர், சேசர் ஃபிராங்க் ஆகியோரின் படைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே உருப்படியில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இருந்தார். கேட்பவர் யாருமில்லாத அந்த அரைமணியை இசை மாணவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் சீழும் இரத்தமும். இரவில் விளக்கொளியில் நான்கு அடி இசை, மறுபடியும் அதே நான்கு அடி.

இதில் ஒரு நுட்பத்தைக் காண்கிறேன். ஐம்பதாவது குடலிறக்க நோயாளியை முதல் நோயாளியைப் போலக் கவனிக்க ஒரு மருத்துவரால் எப்படி முடிகிறது? ஒரே உருப்படியை நூறாவது முறை வாசிக்கும்போதும் சலிப்பில்லாமல் கேட்கத் தெரிந்தவரால் முடியும். உணர்ச்சி மூன்றாம் நாள் தீர்ந்துபோகும். நான் அதற்குச் சாட்சி.

முதல் உலகப்போர் வந்தது. பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதியில் ஜெர்மன் குடிமக்கள் என்பதால் 1914 ஆகஸ்டில் கணவனும் மனைவியும் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். 1915 செப்டம்பரில் ஆற்றுவழிப் பயணம் ஒன்றில், நீர்யானைக் கூட்டத்தினூடே படகு செல்லும்போது, உயிருக்கு வணக்கம் என்று தமிழில் சொல்லத்தக்க அந்தத் தொடர் அவர் மனத்தில் தோன்றியது. அவருடைய அறநெறி முழுவதும் அதிலிருந்து கிளைத்தது. 1917இல் கைதிகளாகப் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முகாமில் ஏது ஆர்கன்? மேசைப் பலகையை விசைப்பலகையாகவும் தரையைக் கால் கட்டைகளாகவும் வைத்துக்கொண்டு, ஓசையே இல்லாமல் சாதகம் செய்தார்.

அந்த ஓசையில்லாச் சாதகம் மருத்துவமனையை மீட்டது. போர் முடிந்தபோது அவரிடம் இருந்தவை நோயும் கடனும்தான். மருத்துவமனைக்காக மறைப்பணிச் சங்கத்திடமும் நண்பர்களிடமும் வாங்கிய கடன். 1920இல் சுவீடன் நாட்டுப் பேராயர் நாதன் சோடர்பிளோம் விரிவுரைக்கு அழைத்தார். கடன் கவலையைக் கேட்டவர், நாடெங்கும் சொற்பொழிவும் ஆர்கன் கச்சேரியும் நடத்த வழிசெய்தார். சில வாரங்களில் கடனில் பெரும்பகுதி தீர்ந்தது. ஆப்பிரிக்கா திரும்பலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. 1924இல் திரும்பினார், பழைய கட்டடங்கள் புதருக்குள் சரிந்து கிடந்தன. 1927இல் ஆற்றின் மேற்பக்கம் பெரிய இடத்தில் புதிய மருத்துவமனை எழுந்தது. பிறகு ஐரோப்பாவுக்கு வந்தபோதெல்லாம் கச்சேரி செய்தார். 1930களில் லண்டனிலும் ஸ்ட்ராஸ்பூரிலும் இசைத்தட்டுகளுக்கு வாசித்தார். மருந்தும் அரிசியும் கூரைத் தகடும் அந்த வருமானத்தில் வந்தன. பாக் 1750இல் இறந்துபோனவர். அவருடைய இசை கபோனில் நோயாளிகளுக்குச் சோறு போட்டது.

7. தமிழ் மேடையில் சுவைட்சரைப் பற்றிப் பேசினால் திருக்குறள் வராமல் இராது. இந்தியச் சிந்தனையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1935இல் ஜெர்மனிலும் அடுத்த ஆண்டு ஆங்கிலத்திலும் வந்தது. இந்திய மரபில் உலகைத் துறக்கும் போக்கே மேலோங்கியது என்று வாதிடும் அந்நூலில், செயல்படும் அன்பைப் போற்றும் அறநூல் என்று குறளை அவர் உயர்த்திப் பிடித்தார். இத்தகைய உயர்ந்த ஞானம் நிறைந்த நீதித் தொகுப்பு உலக இலக்கியத்தில் அரிது என்ற அவர் கருத்தை நாம் மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். அவருடைய பொதுவான வாதத்தை ராதாகிருஷ்ணன் 1939இல் வெளிவந்த தம் நூலில் வலுவாக மறுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. மறுப்பில் நியாயம் உண்டு. பல்வேறு மரபுகளை ஒரே சட்டகத்தில் அடைப்பது கூடாது.

ஆயினும் குறளில் அவர் தம்மைக் கண்டுகொண்டார் என்பதில் எனக்கு ஐயமில்லை. வள்ளுவர் அன்புடைமையை எட்டாவது அதிகாரமாக வைத்தார். அருளுடைமையை இருபத்தைந்தாவதாக வைத்தார். இடையே பதினாறு அதிகாரங்கள். விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல், நடுவுநிலைமை, பொறையுடைமை, ஒப்புரவறிதல், ஈகை என்று எல்லாம் அன்றாட வீட்டிலும் தெருவிலும் செய்து பழக வேண்டியவை. தன்னைச் சார்ந்தோரிடம் சுரக்கும் அன்பு எல்லா உயிர்க்குமான அருளாக முதிர்வதற்கு, இந்தப் பதினாறு அதிகாரப் பழக்கம் வேண்டும் என்பதே அந்த வைப்புமுறையின் பொருள் என்று நான் கொள்கிறேன். இது என் வாசிப்பு, தமிழறிஞர்கள் மாறுபடலாம்.

8. குறைகளைச் சொல்லாமல் விட்டால் நினைவுகூர்வது புகழ்மாலையாகிவிடும். சுவைட்சர் ஆப்பிரிக்கரைச் சகோதரர் என்றார். தம்மை மூத்த சகோதரராக வைத்துக்கொண்டார். அரைநூற்றாண்டு வாழ்ந்தும் உள்ளூர் மொழிகளில் பேசும் நிலையை அடையவில்லை. கடைசிவரை மொழிபெயர்ப்பாளர்களை நம்பியே இருந்தார். ஆப்பிரிக்க மருத்துவர்களை உருவாக்குவதில் அக்கறை காட்டவில்லை. காலம் மாறியபோதும் மருத்துவமனையின் பழைய அமைப்பை மாற்ற மறுத்தார். 1960இல் கபோன் விடுதலை பெற்றது. அந்த விடுதலையின் உணர்வை அவர் முழுமையாக உள்வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. பாக்கின் மெட்டுக்கு அடியில் இருந்த சொல்லைத் தேடிப்போனவர், தம் வாசலில் வந்து நின்றவர்களின் சொல்லுக்குத் தாமே செவிகொடுக்கும் வழியைத் தேடியிருக்க வேண்டும்.

இந்தக் குறையும் சாதகத்தோடு தொடர்புடையது. தப்பான பாடத்தை ஐம்பது முறை பழகினால் அது விரலில் ஏறிவிடும். பிறகு இறக்குவது கடினம். நல்லாசிரியர்கள் மாணவரைத் தனியே நெடுங்காலம் பழகவிடாமல், அவ்வப்போது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்பது இதனால்தான். சுவைட்சருக்குச் சொல்லக்கூடியவர்கள் அருகில் இல்லை; இருந்தவர்கள் சொல்லத் துணியவில்லை. தொண்டு செய்பவர்கள் யாருக்குத் தொண்டு செய்கிறார்களோ அவர்கள் வாயால் குறை கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அம்மையார் தொழுநோயாளர் இல்லத்தில் ஒவ்வொரு கட்டையும் கட்டி முடித்தபின், "இறுக்கமா இருக்கா?" என்று கேட்பார்கள். அவிழ்த்து மறுபடி கட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

9. கடைசியாகச் சில செய்திகள். 1952ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தைத் தொழுநோயாளர் குடியிருப்புக் கட்டச் செலவிட்டார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தக் கோரி 1957இல் ஓஸ்லோ வானொலி வழியாக உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார். முதுமையிலும் இரவு உணவுக்குப் பின் கூடத்தில் இருந்த பழைய பியானோவில் வழிபாட்டுப் பாடலை வாசிப்பார். பிறகு தம் அறைக்குப் போய்த் தனியே பழகுவார். 1965 செப்டம்பர் 4 அன்று, தொண்ணூறு வயதில், லாம்பரேனேயில் காலமானார். அவர் நிறுவிய மருத்துவமனை புதிய கட்டடங்களுடன் இன்றும் நடக்கிறது. அங்கே மலேரியா ஆய்வும் நடைபெறுகிறது. கபோன் நாட்டு அறிவியலாளர்கள் அதில் முன்னின்று உழைக்கிறார்கள்.

இந்த அரங்கில் கச்சேரி செய்யும் கலைஞர்கள் இருக்கிறார்கள். இன்னும் சில ஆண்டுகளில் மேடையேறப் போகும் மாணவர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரே ஒரு கச்சேரியின் வருமானத்தை, பிடித்தம் இல்லாமல், உங்கள் ஊரில் உள்ள ஒரு மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்துக்கே கொடுங்கள். பணத்தை அனுப்பிவிடாமல் நேரில் போங்கள். போய் ஒரு மணி நேரம் இருந்து, அங்குள்ளவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இவ்வாண்டு முதல் கச்சேரிக்கு அரங்க வாடகையை நான் ஏற்கிறேன். விரும்புவோர் அறக்கட்டளைச் செயலரிடம் இன்றே பெயர் கொடுக்கலாம்.